சுரைக்காயும் குழந்தையும்

1915-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி, லண்டனில் பிரதம மந்திரியின் மாளிகையில், அஸ்குவித், லாயிட் ஜார்ஜ், கிச்சனர், பால்பர் முதலிய பெரியோர் கூடியிருந்த சபையில், முப்பத்தாறு வயதுள்ள பார்லிமெண்டு அங்கத்தினரான சர் மார்க் சைக்ஸ் ஒரு தேசப்படத்தை வைத்துக்கொண்டு பேசினார். துருக்கி சாம்ராஜ்யம் யுத்தத்தில் தோற்குமானால், அதன் ஆட்சிக்குட்பட்ட அரபுப் பிரதேசங்களை இங்கிலாந்தும் பிரான்சும் எவ்விதம் பங்கிட்டுக்கொள்வது என்பதே அன்றைய விசாரணை. பிரெஞ்சுக்காரர்களோடு எந்த மாதிரியான ஏற்பாட்டை விரும்புகிறீர் என்று பால்பர் கேட்டபோது, ஏக்கர் என்னும் துறைமுகத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்திலிருந்து கிர்க்குக் என்னும் நகரத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்துவரைக்கும் ஒரு கோடு இழுக்க விரும்புகிறேன் என்று சைக்ஸ் பதில் சொன்னார். அவர் குறித்த இடம் ஊரல்ல, ஊரின் பெயரை அச்சிட்ட எழுத்து. அவ்விரண்டு எழுத்துக்களுக்கும் நடுவே, படத்தில் வெறும் காகிதமாகத் தெரிந்த வெளியில், யோர்தானும் யூப்ரடீஸும் டைக்ரிஸும் ஓடிக்கொண்டிருந்தன. மழையைத் தேடி மந்தைகளோடு வருஷந்தோறும் வடக்கும் தெற்குமாகப் பெயர்ந்து செல்லும் பதூயின் குடிகள் கூடாரம் அடித்திருந்தார்கள். டமாஸ்கஸுக்கும் பாக்தாதுக்கும் இடையே ஒட்டகச் சாத்துக்கள் போய்வந்துகொண்டிருந்தன.

இந்தச் சம்பவத்தைச் சரித்திராசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சைக்ஸை அகந்தை பிடித்தவர் என்று கண்டித்துவிட்டுப் பெரும்பாலோர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். என் மனத்தை நெடுநாளாக உறுத்திவருகிற சங்கை வேறு. அந்த அறையில் இருந்தவர்களில் எவருக்கும் டமாஸ்கஸ் நகரத்துக் கன்னான்மீதோ பெக்கா சமவெளியின் கோதுமை உழவன்மீதோ துவேஷம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. அவர்களைக் கொல்ல வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளை ஒருவரோடொருவர் மோதவிட வேண்டும் என்று ஒருவரும் சங்கற்பம் செய்துகொள்ளவில்லை. பகையில்லாமல், கோபமில்லாமல், ஹிம்சை என்ற நினைவே இல்லாமல் செய்யப்பட்ட ஒரு காரியத்தின் பலனாக, அறுபது வருஷமும் நூறு வருஷமும் கழிந்தபின், செய்தவனைக் கண்ணாலும் கண்டிராத ஜனங்கள் ஒருவரையொருவர் மாய்த்துக்கொள்வார்களானால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

நம்முடைய தேசத்தில் இந்தக் கேள்வி மிகப் பழமையானது. மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற நாளந்தா நகரத்துத் தனவந்தனைப் பற்றிய ஒரு சூத்திரம் உண்டு. அவன் மஹாவீரரின் சிஷ்யன். உடலால் செய்யும் வினையே எல்லா வினையிலும் கொடியது என்ற தன் குருவின் கட்சியை நிலைநாட்டுவதற்காகப் புத்தரிடம் வாதுக்குப் போகிறான். மனத்தால் செய்யும் வினையே கொடியது, எண்ணமே வினைக்கு உயிர் என்பது புத்தரின் கட்சி. நடந்துபோகிற முனிவரின் காலடியில் அவர் அறியாமலே சிற்றுயிர்கள் மடிகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று புத்தர் கேட்கிறார். எண்ணாமல் செய்தது பெருங்குற்றம் ஆகாது என்று உபாலியே ஒப்புக்கொள்ள நேர்கிறது. பௌத்தர்கள் எழுதிவைத்த சூத்திரமாகையால் பௌத்தக் கட்சி ஜயிப்பதில் ஆச்சரியமில்லை. மணிமேகலையும் நீலகேசியும் பிறந்த பாஷையைப் பேசுகிற நமக்கு, இவ்விரண்டு சமயங்களின் வழக்கு அந்நியமானதன்று.

ஜைனர்களின் மறுமொழி அவர்களுடைய சூத்ரகிருதாங்கத்தில் இருக்கிறது. அது கேட்பவர் நெஞ்சைத் திடுக்கிடச் செய்வது. ஆர்த்ரகர் என்ற ஜைன முனிவரிடம் ஒரு பௌத்தர் வந்து தம் சித்தாந்தத்தை விளக்குகிறார்: ஒருவன் பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்துக் கழுவில் குத்தினால் அவன் கொலைப் பாவத்துக்கு ஆளாவான், ஆனால் ஒரு குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்து நெருப்பில் வாட்டினால் அவனுக்குப் பாவம் இல்லை. தங்கள் எதிரியின் வாயில் ஜைனர்கள் வைத்த பேச்சு இது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆயினும் உபமானத்தின் வலிமை அதனால் குறைந்துவிடுவதில்லை. ஆர்த்ரகருடைய ஆக்ஷேபத்தின் சாரம், உயிருள்ளதை உயிரற்றதாகக் காண்பது வெறும் பிழையன்று, அப்படிக் காண்பதே அசட்டையின் விளைவு, அசட்டையே ஹிம்சை என்பதுதான். குழந்தைக்கும் சுரைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒருவன் எவ்வளவு தூரத்தில் நின்றிருக்க வேண்டும், எவ்வளவு அவசரத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தூரத்துக்கும் அவசரத்துக்கும் அவனே பொறுப்பாளி என்பது விளங்கும். காகிதத்தின்மேல் கோடு இழுத்த சைக்ஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுரைக்காய் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பௌத்தத் தராசிலேயே நிறுத்துப் பார்ப்பதானாலும் லண்டன் சபையினர் தப்புவதாக எனக்குத் தோன்றவில்லை. தீவினைக்குப் பௌத்தர்கள் மூன்று வேர்களைச் சொல்லுகிறார்கள்: லோபம், துவேஷம், மோகம். துவேஷம் இல்லை என்று காட்டிவிட்டதனால் மற்ற இரண்டும் அற்றுப்போனதாகாது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இந்தியாவுக்குச் செல்லும் வழி, பாரசீக வளைகுடா, மோசூல் பகுதியின் எண்ணெய், போட்டிக்காரனான நேசநாட்டோடு மனஸ்தாபம் வராமல் பாகம் பிரிப்பது ஆகிய இவையெல்லாம் லோபத்தின் கணக்கில் சேரும். மோகம் என்பதோ ஒன்றை மற்றொன்றாகக் காண்பது. சைக்ஸ் அந்தத் தேசங்களை அறியாதவரும் அல்லர். சிறுவயது முதல் துருக்கி சாம்ராஜ்யத்தில் பலமுறை யாத்திரை செய்தவர். அதே 1915-ஆம் வருஷத்தில் அந்தப் பிரதேசங்களைப் பற்றிப் பெரிய புஸ்தகம் ஒன்றையும் வெளியிட்டிருந்தார். நேரில் கண்டவரே படத்தைக் கையில் எடுத்தவுடன் கண்டதை மறந்துவிட்டார் என்பதுதான் இதில் என்னை வருத்துவது.

1916 மே மாதத்தில் சைக்ஸும் பிரெஞ்சு ராஜதந்திரியான பிக்கோவும் வகுத்த ஒப்பந்தம் முடிவாயிற்று. கோட்டுக்கு வடக்கே பிரான்சின் செல்வாக்கு, தெற்கே இங்கிலாந்தின் செல்வாக்கு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தால் அரபுகளின் சுதந்தரத்தை ஆதரிப்பதாக, தெளிவற்ற சொற்களால் மெக்காவின் ஷரீபான ஹுசைனுக்குக் கடிதமூலம் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 1917 நவம்பர் 2-ஆம் தேதி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை இங்கிலாந்து ஆதரிக்கும் என்று பால்பர் எழுத்துமூலம் தெரிவித்தார். அந்த மாதமே ருஷியாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ரகசிய ஒப்பந்தத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார்கள். இன்றைய எல்லைகள் எல்லாம் சைக்ஸ் இழுத்த கோடே என்று சிலர் எழுதுவது சரியன்று. மோசூல் முதலில் பிரான்சின் பாகத்தில் இருந்து பிறகு கைமாறியது. பாலஸ்தீனத்தின் ஏற்பாடும் மாறியது. 1920-இல் சான் ரெமோ நகரத்தில் கூடிய மாநாடும் அதற்குப் பின் வந்த உடன்படிக்கைகளுமே உண்மையான எல்லைகளை வகுத்தன. ஆனால் கோடு மாறியதே தவிர, ஜனங்களைக் கேளாமல் கோடு இழுக்கலாம் என்ற பார்வை மாறவில்லை.

பால்பரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவர் வெறும் ராஜதந்திரி அல்லர். தத்துவ விஷயங்களில் சந்தேகம் கொள்வதை ஆதரித்து 1879-இல் ஒரு நூலும், நம்பிக்கையின் அடிப்படைகளை ஆராய்ந்து 1895-இல் மற்றொரு நூலும் எழுதியவர். யுத்தம் தொடங்கிய 1914-ஆம் வருஷத்தில் ஈசுவர நம்பிக்கையையும் மானிட விழுமியங்களையும் பற்றி ஸ்காட்லாந்தில் உபந்நியாசங்கள் நிகழ்த்தியவர். மனித மனத்தின் நிச்சயங்கள் எவ்வளவு பலவீனமானவை என்பதை அத்தனை நுட்பமாக விசாரித்த ஒருவர், தம் எதிரே விரிக்கப்பட்ட படத்தின் நிச்சயத்தை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிட்டாரே என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

அவர்களுக்குத் தெரியாது, அக்காலத்தில் தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று சமாதானம் சொல்வோர் இருக்கிறார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்காததற்குக் காரணம் 1919-ஆம் வருஷத்தின் கோடைகாலம். சர்வதேச சங்கத்தின் சாசனத்தில், இவ்விதப் பிரதேசங்களின் க்ஷேமம் நாகரிகத்தின் புனிதமான பொறுப்பு என்று எழுதினார்கள். அங்குள்ள ஜனங்களின் விருப்பமே மேற்பார்வை நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியமாகக் கவனிக்கப்படும் என்றும் எழுதினார்கள். அந்த வாக்கை மெய்யாக எடுத்துக்கொண்ட அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன், போய்க் கேட்டுவர ஒரு கமிஷனை அனுப்ப வேண்டும் என்றார். பிரான்சு தன் பிரதிநிதிகளை அனுப்பவில்லை; இங்கிலாந்தும் பின்வாங்கிக்கொண்டது. கடைசியில் அமெரிக்கர்கள் மாத்திரம் போனார்கள். அவர்களுக்குத் தலைவர்கள் இருவர்: ஒருவர் சிகாகோ நகரத்து வியாபாரியான சார்ல்ஸ் கிரேன், மற்றவர் ஓபர்லின் கலாசாலையின் தலைவரும், தேவ சாஸ்திரமும் தத்துவமும் போதித்தவருமான ஹென்றி சர்ச்சில் கிங்.

ஜூன் 10-ஆம் தேதி யாப்பா துறைமுகத்தில் வந்திறங்கி, ஜூலை 21-ஆம் தேதிவரை, நாற்பத்திரண்டு நாட்கள் அவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். முப்தியும் வந்தார், பாதிரியாரும் வந்தார், யூதக் குடியேற்றத்தாரும் வந்தார்கள், துரூஸ் ஷேக்குகளும் வந்தார்கள். டமாஸ்கஸில் ஸ்திரீகளின் கூட்டம் ஒன்றும் வந்து தன் எண்ணத்தைச் சொல்லிற்று. 1,863 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பல விண்ணப்பங்களின் வாசகம் ஒன்றாகவே இருந்ததையும், கட்சிகள் தூண்டிவிட்டிருந்ததையும் கமிஷனர்கள் மறைக்காமல் தங்கள் அறிக்கையில் குறித்தார்கள். அப்படியிருந்தும் நூற்றுக்கு எண்பது விண்ணப்பங்கள் ஒரே விஷயத்தைக் கேட்டன: சிரியாவைத் துண்டாட வேண்டாம். அதை ஒன்றாக வைத்திருக்க வேண்டும், லெபனானுக்கு அதனுள்ளேயே தன்னாட்சி தரலாம், பாலஸ்தீனத்தைக் குறித்த யூத தேசியத் திட்டத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. ஆயுத பலம் இல்லாமல் அந்தத் திட்டத்தை நிறைவேற்ற முடியாது என்றும் எச்சரித்தது.

அவர்கள் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்த அதே ஆகஸ்டு மாதத்தில் பால்பர் தம் அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். பாலஸ்தீனத்தில் இப்போதுள்ள குடிகளின் விருப்பத்தைக் கேட்கும் சடங்கைக்கூட நடத்த உத்தேசமில்லை என்பது அதன் தாத்பரியம். மறைத்துப் பேசாமல் உள்ளதை உள்ளபடி எழுதினார் என்பதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு அறியாமை என்ற சமாதானத்துக்கு இடமில்லை. கிங்-கிரேன் அறிக்கை பாரிஸில் ஒப்படைக்கப்பட்டுக் கிணற்றில் போட்ட கல்லாயிற்று. வில்ஸன் பக்கவாதத்தில் விழுந்தார். 1922 ஜூலை மாதத்தில் சர்வதேச சங்கம் பாகப்பிரிவினையை உறுதிசெய்தது. அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின், டிசம்பரில்தான் அறிக்கை அச்சாகி உலகத்தின் கண்ணில் பட்டது. இது சுரைக்காய் அன்று, குழந்தை என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார், சொன்னவரின் குரலைக் கேட்டிருக்கிறார்கள், நெருப்பை அணைக்கவில்லை. பௌத்தர் ஜைனர் இருவருடைய சித்தாந்தப்படியும் இந்த இடத்தில் தீர்ப்பு ஒன்றே என்று கருதுகிறேன்.

1920 மார்ச்சில் டமாஸ்கஸில் கூடிய சிரியா மகாசபை சுதந்தரத்தைப் பிரகடனம் செய்து, ஷரீப் ஹுசைனின் மகனான பைசலை அரசராக்கியது. ஜூலை 24-ஆம் தேதி மைசலூன் கணவாயில் பிரெஞ்சுப் படை அந்த அரசை முடித்துவைத்தது. தோல்வி நிச்சயம் என்று அறிந்தே போர்க்களம் சென்ற யுத்த மந்திரி யூசுப் அல்-அஸ்மா அங்கே உயிர் துறந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி பெய்ரூட்டில், ஒரு பக்கம் மரோனியக் கிறிஸ்தவர்களின் தலைமைக் குருவும் மறு பக்கம் முஸ்லிம்களின் முப்தியும் வீற்றிருக்க, பிரெஞ்சு ஜெனரல் கூரோ பெரிய லெபனான் என்ற புது நாட்டைப் பிரகடனம் செய்தார். எஞ்சிய சிரியாவையும் டமாஸ்கஸ், அலெப்போ, அலவிகளின் பிரதேசம், துரூஸ் மலை என்று சமயத்தையும் ஊரையும் ஒட்டிக் கூறுபோட்டார்கள்.

லெபனானின் எல்லையைப் பற்றிப் பேசும்போது அந்நியரை மாத்திரம் குற்றம் சொல்வது நியாயமாகாது. பழைய லெபனான் மலை, பெரும்பாலும் மரோனியரும் துரூஸும் வாழ்ந்த சிறு பிரதேசம். யுத்த காலத்தில் நேசநாட்டுக் கப்பல்கள் கடற்கரையை முற்றுகையிட்டன. துருக்கி அதிகாரிகள் தானியத்தைச் சேனைக்கு வாரிக்கொண்டு போனார்கள். 1915-இல் வெட்டுக்கிளி வந்து எஞ்சியதையும் தின்றுவிட்டது. மல்பெரிச் செடியும் பட்டுப் புழுவும் வளர்த்துப் பிழைத்த மலை ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பசியால் மடிந்ததாகச் சொல்வர். அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தலைமைக் குரு ஹுவய்யிக், முதியவர், 1919-இல் பாரிஸுக்குக் கப்பலேறிச் சென்று, எங்கள் மலையோடு பெக்காவின் கோதுமை வயல்களையும் கடற்கரைத் துறைமுகங்களையும் சேர்த்துத் தாருங்கள் என்று மன்றாடினார். பட்டினியால் செத்த ஜனங்களின் குரு வயல் கேட்டதில் என்ன பிழை? அந்த வயல்களில் ஷியாக்களும் ஸுன்னிகளும் இருந்தார்கள். திரிப்போலியும் ஸைதாவும் டமாஸ்கஸைப் பார்த்தே வாழ்ந்த ஊர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. சோறு கேட்டவருக்குச் சோற்றோடு அண்டை வீட்டாரையும் சேர்த்து வைத்துப் பூட்டியதைப்போல் ஆயிற்று. பிரெஞ்சு அதிகாரிகளுக்கோ, தங்களை அண்டி நிற்கும் கிறிஸ்தவர்கள் இம்மியளவு மிகுந்தும், பயமில்லாமல் இருக்க முடியாத அளவுக்குக் குறைந்தும் இருக்கும் நாடு வசதியாக இருந்தது.

பிறகு கணக்கு வந்தது. 1932-இல் குடிமதிப்பு எடுத்தார்கள்; கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல் என்று கண்டார்கள். அந்தக் கணக்கின்மேல், சட்டசபையில் கிறிஸ்தவர் ஆறு பேருக்கு முஸ்லிம்கள் ஐந்து பேர் என்ற விகிதமும், ஜனாதிபதி மரோனியர், பிரதமர் ஸுன்னி, சபாநாயகர் ஷியா என்ற வழக்கமும் நிலைபெற்றன. அதற்குப் பின் இன்றுவரை அந்நாட்டில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கவே இல்லை. எடுத்தால் நாடு உடையும் என்ற பயம். ஒரு மனிதன் ஈசுவரனை எந்த வழியில் தொழுகிறான் என்பது அவனுக்கும் ஈசுவரனுக்கும் உள்ள உறவாக இருந்தது போய், பதிவேட்டில் ஒரு பத்தியாகவும் சட்டசபையில் ஒரு பின்னமாகவும் ஆகிவிட்டது. சமயத்துக்கு இழைக்கப்பட்ட அபசாரங்களில் இதைக் காட்டிலும் பெரியது ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 1975-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அவ்வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி, சனிக்கிழமை, பெய்ரூட் வீதிகளில் ஆயுதந்தாங்கிய கிறிஸ்தவக் கட்சியினர் வண்டிகளை நிறுத்தி, தங்கள் தோழர் நால்வர் கொலையுண்டதற்குப் பழியாக, பிரயாணிகளின் அடையாளச் சீட்டை வாங்கி, அதில் சமயம் என்ற வரியைப் படித்து, முஸ்லிம் என்று எழுதியிருந்தால் அங்கேயே கொன்றார்கள். பிறகு மறு தரப்பிலும் அந்தச் சீட்டைப் பார்த்தே கொன்றார்கள். 1990 வரை நடந்த அந்த யுத்தத்தில் இறந்தோர் லட்சத்துக்கு மேற்பட்டோர்.

இதையெல்லாம் அந்நியர் செய்த பாவம் என்று தூரத்தில் நின்று சொல்லிவிட நமக்கு உரிமை இருக்கிறதா? யோக சூத்திரமும் ஜைன நூல்களும் ஹிம்சையை மூவகையாகப் பிரிக்கின்றன: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது. லண்டனிலும் பாரிஸிலும் இருந்தவர்கள் செய்வித்தவர்கள். செய்த கைகளில் நம்முடைய கைகளும் இருந்தன. மெசபடோமியாவில் துருக்கியரோடு பொருத சைனியத்தில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள்; சென்னை ஸாப்பர் படையின் தமிழ் வீரர்களும் அந்தப் பாலைவனத்தில் பாலமும் பாதையும் அமைத்தார்கள். 1920-இல் இராக்கின் குடிகள் புது ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது அவர்களை அடக்கிய படையிலும் நம்மவரே மிகுதி. மாதச் சம்பளத்துக்குக் கடல் தாண்டிப் போன அந்த ஏழைகளை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எந்தக் கோட்டுக்காகச் சுடுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். துருக்கி சாம்ராஜ்யத்தைக் கூறுபோட்ட ஸெவ்ரே உடன்படிக்கை அதே 1920 ஆகஸ்டு 10-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. இரண்டே நாட்களில், 12-ஆம் தேதி மாலை, சென்னைக் கடற்கரையில் மகாத்மா காந்தி, துருக்கி சுல்தான் வகித்த கிலாபத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துச் சொல்லி, உடன்படாமல் இருப்பது எப்படி என்று ஜனங்களுக்கு விளக்கினார். ஒத்துழையாமை என்று நாம் அரசியல் பெயரிட்டு அழைத்தது, மூன்றாவது வகை ஹிம்சையிலிருந்து விலகுவதற்கு அவர் கண்ட சாதனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊழ் என்று சொல்லி முடித்துவிடுவதற்கும் என் மனம் இடம் கொடுக்கவில்லை. கோடு போட்டுவிட்டான், இனி அதன்படிதான் நடக்கும் என்றால், பிறகு வந்தவர்கள் எல்லாம் பொம்மைகளாகிவிடுகிறார்கள். 1932-இன் கணக்கை மறுபடி எடுக்காமல் காத்தவர்கள் லெபனானியரே. சமயவாரிப் பிரிவினையைப் படிப்படியாக ஒழிப்பதாக 1989-இல் தாயிப் நகரத்து உடன்படிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டு, அதை நிறைவேற்றாமல் விட்டவர்களும் அவர்களே. கோட்டை அழிப்பதே பிராயச்சித்தம் என்பாரும் கிளம்பினார்கள். 2014 ஜூன் மாதத்தில், இஸ்லாமிய அரசு என்று பெயர் சூட்டிக்கொண்ட கூட்டத்தார், சைக்ஸும் பிக்கோவும் போட்ட எல்லை ஒழிந்தது என்று முழக்கி, சிரியாவுக்கும் இராக்குக்கும் நடுவே இருந்த மணல்கரையை யந்திரத்தால் இடித்துத் தள்ளி, அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். மறு மாதம் மோசூல் நகரத்தில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவர்களில் ஓர் எழுத்தை எழுதினார்கள்: அரபு நூன். நஸ்ரானி என்பதன் முதல் எழுத்து. அந்த எழுத்து விழுந்த வீட்டார் மதம் மாற வேண்டும், அல்லது வரி செலுத்த வேண்டும், அல்லது வெளியேற வேண்டும், இல்லையேல் வாள். ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேலாக அந்நகரத்தில் ஜபம் செய்துவந்த ஜனங்கள் சில நாட்களுக்குள் அதைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். பாலைவனத்துக் கோடு போய், தெருவுக்குள் வீட்டுக்கு வீடு கோடு வந்தது.

கடைசியாக ஏழு கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரரசுகளின் சரித்திரத்தில் அவற்றுக்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை. லெபனானுக்கும் பாலஸ்தீனத்துக்கும் நடுவே எல்லையைக் குறிக்கும்பொருட்டு, நியூகாம் என்ற ஆங்கிலேய அதிகாரியும் போலே என்ற பிரெஞ்சு அதிகாரியும் நியமிக்கப்பட்டார்கள். லண்டன் அறையில் நடந்ததுபோல் அன்று. இவர்கள் உண்மையாகவே மலையும் ஓடையுமாக அலைந்து, கற்குவியல்களை அடையாளமாக நாட்டினார்கள். யோர்தானின் ஊற்றுக்கள் தங்கள் பக்கம் வர வேண்டும் என்பது இங்கிலாந்தின் கவலை. 1923-இல் இரு அரசாங்கங்களும் ஏற்ற அந்த எல்லையின்படி, ஷியாக்கள் வாழ்ந்த தர்பிகா, ஸலிஹா, மாலிகிய்யா, நபி யூஷா, கதஸ், ஹூனின், கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்ந்த ஆபில் அல்-கம் ஆகிய ஊர்கள், லெபனானியர் என்று பிரெஞ்சுக்காரர்களால் எண்ணப்பட்டிருந்தவை, 1924-இல் பாலஸ்தீனத்தோடு சேர்ந்தன. அந்த ஊரார் பெண் எடுத்த ஊர், சந்தை கூடும் ஊர், மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர் இருந்த ஊர் எல்லாம் வடக்கே நின்றுவிட்டன. ஆயினும் 1926-இல் அவ்விரண்டு அரசாங்கங்களுமே நல்ல அண்டை உறவுக்கான உடன்படிக்கை ஒன்று செய்து, எல்லையோரத்துக் குடிகள் தங்கள் நிலத்தை உழவும் ஆடுமாடு மேய்க்கவும் தடையின்றிப் போய்வர வழிசெய்தன. இருபது வருஷ காலம் அந்தக் கற்குவியல்களைத் தாண்டி உழவர்கள் கலப்பையோடு போய்வந்தார்கள். 1948-இன் யுத்தத்தில் ஏழு ஊர்களும் காலியாயின. வடக்கே ஓடியவர்களுக்கு லெபனான் உடனே இடம் கொடுத்தது, குடியுரிமை கொடுக்கவில்லை. 1994-இல்தான் அவர்களை மீண்டும் லெபனானியர் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள், அவர்களுடைய ஊர்கள் எல்லைக்கு அப்பால் போய் எழுபது வருஷம் கழிந்திருந்தது.

அதே எல்லையின் கிழக்கு மூலையில் ஷெபா என்ற ஊரின் மலைவயல்கள் இருக்கின்றன. லெபனானுக்கும் சிரியாவுக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர்கள் எல்லையைச் சரிவரக் குறிக்காமலே விட்டுவிட்டார்கள். படத்தில் அந்த வயல்கள் சிரியாவில். வயலுக்கு உடையவர்கள் இருந்ததும் வரி செலுத்தியதும் லெபனானில். 1967-இல் இஸ்ரேல் அந்த மலையைப் பிடித்தது. 2000-இல் தெற்கு லெபனானிலிருந்து அது விலகியபோது, அந்த வயல்கள் யாருடையவை என்ற பழைய மயக்கம், ஆயுதத்தைக் கீழே வைக்காதிருப்பதற்கு, லெபனானின் ஷியா இயக்கமான ஹிஸ்புல்லாவுக்கு ஒரு காரணமாயிற்று. 2023 அக்டோபரில் அந்த எல்லையில் மறுபடியும் சண்டை மூண்டபோது, அவர்களுடைய முதல் குண்டுகள் விழுந்ததும் அந்த வயல்களில்தான்.

நபி யூஷா என்ற கிராமத்தில் இன்று வீடுகள் இல்லை. ஹூலா பள்ளத்தாக்கைப் பார்த்த மலைச்சரிவில், ஊருக்குப் பெயர் தந்த தர்காவின் கட்டடம் மாத்திரம் அதன் குவிமாடங்களோடு நிற்கிறது. முன்பெல்லாம் ஷஅபான் மாதத்தின் நடுவில் அங்கே திருவிழா நடக்கும். வடக்கே ஜபல் ஆமில் மலையிலிருந்து ஷியாக்கள் குடும்பம் குடும்பமாக வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். முஸ்லிம்கள் யூஷா என்றும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் யோசுவா என்றும் போற்றுகிற தீர்க்கதரிசி அவர். மோசேக்குப் பின் ஜனங்களை யோர்தானுக்கு இப்பால் நடத்திவந்து, சீட்டுப் போட்டு, இந்த நதிமுதல் இந்த மலைவரை என்று எல்லை சொல்லி, தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பங்கிட்டவர் என்று வேதாகமம் சொல்லுகிறது. அவருடைய தர்காவுக்கு விளக்கேற்றிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், வேலிக்கு வடக்கே வாழ்கிறார்கள்.